கணக்குப் பாடத்துச் சொற்கள்: பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை செல்லூரில் மாலை நேரத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "டீச்சர், இந்தக் கணக்கு வரல" என்று நோட்டோடு வரும் பிள்ளையிடம் முதலில் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். 'சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள்' என்ற இடம் வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். பெருக்கத் தெரியும், வகுக்கத் தெரியும், அந்தச் சொல் மட்டும் பிடிபடவில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டியதும் பல பிள்ளைகள் மிச்சத்தைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். சொற்கள் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருப்பவை.

கோடு, கோட்டுத்துண்டு, கதிர் மூன்றும் ஒன்றுதானே?

பேச்சில் மூன்றையும் கோடு என்றே சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நோட்டில் அளவுகோல் வைத்து 5 செ.மீ. இழுத்தால் அது கோட்டுத்துண்டு. அதற்கு இரண்டு முனை உண்டு, நீளத்தை அளந்து சொல்லலாம். பெயரிலேயே 'துண்டு' இருக்கிறது பாருங்கள். முடிவில்லாத கோட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அது. கோடு இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருப்பது. அதனால்தான் படத்தில் இரு பக்கமும் அம்புக்குறி போடுகிறோம். கதிர், சூரியக் கதிர் மாதிரி. புறப்படும் இடம் உண்டு, முடியும் இடம் இல்லை.

'இந்தக் கோட்டின் நீளம் என்ன?' என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: கோட்டுக்கு நீளம் சொல்ல முடியாது, கோட்டுத்துண்டுக்குத்தான் சொல்ல முடியும்.

கோணங்களின் பெயரை எப்படி ஞாபகம் வைப்பது?

'குறு' என்றால் குறுகியது. 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் குறுங்கோணம். 'விரி' என்றால் விரிந்தது. 90-ஐத் தாண்டி 180-க்குள் இருந்தால் விரிகோணம். சரியாக 180 என்றால் நேர்க்கோணம், நேர்க்கோடாகவே படுத்துக் கிடக்கும். 180-க்கும் 360-க்கும் நடுவில் இருப்பது பின்வளை கோணம்.

செங்கோணத்தில் உள்ள 'செம்' சிவப்பு நிறம் இல்லை. இதைப் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், நல்ல கேள்விதான். செம்மை என்றால் நேராக, ஒழுங்காக இருப்பது. செங்குத்து, செங்கோல் எல்லாவற்றிலும் இருப்பது அதே 'செம்'. பிசகாமல் நிமிர்ந்து நிற்கும் கோணம் செங்கோணம், 90 பாகை.

சித்திரைத் திருவிழாவில் தேர் நான்கு மாசி வீதியையும் சுற்றிவருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முக்கிலும் தேர் ஏறக்குறைய ஒரு செங்கோணம் திரும்புகிறது. நான்கு முக்கும் திரும்பி முடித்து மறுபடி கீழமாசி வீதியில் நிலைக்கு வரும்போது, கிளம்பியபோது எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்க்கும். மொத்தம் 360 பாகை திரும்பியிருக்கிறது. வீதிகள் கணக்குப் புத்தகத்துச் சதுரம் மாதிரி அச்சாக அமைந்தவை அல்ல. ஒரு முக்கில் 88, இன்னொன்றில் 92 என்று முன்பின் இருந்தாலும் கூட்டினால் 360-தான் வரும். பாடத்தில் இதற்குப் பெயர் வெளிக்கோணங்களின் கூடுதல். முக்கோணமோ ஐங்கோணமோ, உட்குழிவில்லாத எந்த வடிவத்தைச் சுற்றிவந்தாலும் இதே 360.

இன்னொன்று: கோணத்தின் கைகளை நீளமாக வரைந்தால் கோணம் பெரிதாகாது. கை எவ்வளவு நீளம் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதே கணக்கு.

ஜாமிட்ரி பாக்ஸில் இருக்கும் அந்த முக்கோணத் தகடுகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

மூலைமட்டம். காம்பஸ் என்பது கவராயம், கோணம் அளப்பது கோணமானி, இரண்டு பக்கமும் முள்ளாக இருப்பது கவை. மூலைமட்டம் இரண்டு வரும். ஒன்றில் கோணங்கள் 30, 60, 90. மற்றதில் 45, 45, 90.

இந்தச் சொல்லை நான் முதலில் புத்தகத்தில் படிக்கவில்லை, எங்கள் வீடு கட்டியபோது கொத்தனார் வாயிலிருந்து கேட்டேன். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் மூன்றும் அவர் கைக்கருவி. சுவரும் சுவரும் சேரும் மூலை செங்கோணமா என்று பார்க்க மூலைமட்டத்தை வைப்பார். பெரிய இடத்துக்குக் கருவி போதாது. அப்போது என்ன செய்தார் தெரியுமா? மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறியிட்டு, இரண்டு குறிக்கும் நடுவே நாடாவைப் பிடித்தார். சரியாக 5 அடி வந்தால் மூலை சரி. கூடவோ குறையவோ வந்தால் கயிற்றை நகர்த்த வேண்டும்.

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் என்று படிப்பது இதைத்தான். 3-இன் வர்க்கம் 9, 4-இன் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது 5-இன் வர்க்கம். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் நீளமான பக்கத்துக்குப் பெயர் கர்ணம். அந்த 5 அடிதான் கர்ணம்.

நிரப்புக் கோணம், மிகைநிரப்புக் கோணம்: எது 90, எது 180?

இரண்டு கோணங்களைக் கூட்டினால் 90 வந்தால் நிரப்புக் கோணங்கள், 180 வந்தால் மிகைநிரப்புக் கோணங்கள். மிகை என்றால் அதிகம். அதிகமாக இருப்பது 180. அவ்வளவுதான்.

'ஒன்றுவிட்ட கோணம்' என்றால் என்ன?

இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டிப் போகும்போது எட்டுக் கோணங்கள் உண்டாகின்றன. ஒரே நிலையில் இருக்கும் கோணங்கள் ஒத்த கோணங்கள். எதிரெதிர்ப் பக்கத்தில் மாறி அமைபவை ஒன்றுவிட்ட கோணங்கள். சித்தப்பா மகனை 'ஒன்றுவிட்ட தம்பி' என்கிறோம் அல்லவா, அதே சொல். ஒரே வீட்டில் இல்லை, ஆனால் உறவு உண்டு. கோடுகள் இணையாக இருந்தால் ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம். படத்தில் ஒரு 'இசட்' எழுத்து தெரியும், அதன் இரண்டு மடக்கிலும் இருப்பவை அவை.

சதுரத்தைச் செவ்வகம் என்று சொன்னால் தப்பா?

தப்பே இல்லை. அலங்காநல்லூர்க்காரர் எல்லாரும் மதுரை மாவட்டத்துக்காரர். மதுரை மாவட்டத்துக்காரர் எல்லாரும் அலங்காநல்லூர்க்காரர் ஆகமாட்டார். சதுரம் எல்லாம் செவ்வகம், செவ்வகம் எல்லாம் சதுரம் இல்லை.

நாற்கரக் குடும்பத்தின் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். நாற்கரம்: நான்கு கரம், அதாவது நான்கு பக்கம். இணைகரம்: எதிரெதிர்ப் பக்கங்கள் இணை. செவ்வகம்: அகம் என்றால் உள்ளே. உட்கோணங்கள் எல்லாம் செம்மையாக, 90 பாகையாக இருப்பது. சரிவகம்: ஒரு ஜோடிப் பக்கம் இணையாக இருக்க, மற்றது சரிந்து போவது. பட்டம்: நாம் விடும் பட்டமேதான், அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமம்.

சாய்சதுரம் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும் பெயர். நான்கு பக்கமும் சமம் என்பதில் அது சதுரம் மாதிரி. கோணங்கள் 90 ஆக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சதுரத்தைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தால் கிடைப்பது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுக்கும் கோட்டுத்துண்டு மூலைவிட்டம். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக, சரிபாதியாக வெட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு மூலைவிட்டத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் பரப்பளவு வந்துவிடும். முதலில் சொன்ன பிள்ளை நின்ற இடம் இதுதான்.

வட்டத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

எல்லாம் நம் ஊர்ப் பொருள்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தில் நடுக்குடத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கட்டைகளை ஆரக்கால் என்பார்கள். மையத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் தூரம் ஆரம். பழைய ஓட்டு வீட்டில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்கே கிடக்கும் மரம் விட்டம். வட்டத்தில் மையத்தின் வழியாகக் குறுக்கே போவதும் விட்டம், ஆரத்தைப் போல இரண்டு மடங்கு. வட்டத்தின் ஒரு வளைந்த பகுதியை மட்டும் எடுத்தால் அது வில். அந்த வில்லின் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினால் நாண். வில்லும் நாணும் ஒரே படத்தில் இருக்கின்றன, இதை மறக்க முடியுமா! நாண்களிலேயே நீளமானது விட்டம். வட்டத்தைச் சுற்றி அளந்தால் வருவது பரிதி.

பரிதியை விட்டத்தால் வகுத்தால் எந்த வட்டத்திலும் ஒரே எண் வரும், அதற்குப் பெயர் பை. 22/7 என்றும் 3.14 என்றும் போடுகிறோம். இரண்டுமே அதன் கிட்டத்தட்ட மதிப்புதான். 'பை = 22/7' என்று எழுதிவிட்டு அதுவே முழு உண்மை என்று நினைத்துவிடக் கூடாது.

பழைய தமிழ்க் கணக்கில் இதற்கு ஒரு வழி உண்டு. விட்டத்தோடு அதன் ஏழில் நான்கு பங்கைச் சேர்த்து, வந்ததை இரட்டிக்க வேண்டும். 14 அடி விட்டமுள்ள கிணறு என்றால், 14-இன் ஏழில் நான்கு பங்கு 8. சேர்த்தால் 22, இரட்டித்தால் 44 அடி. 22/7 வைத்துப் போட்டாலும் அதே 44. பரப்பளவுக்கு, சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கவேண்டும்: 22 × 7 = 154 சதுர அடி. நீங்கள் படிக்கும் 'பை × ஆரம் × ஆரம்' சூத்திரமும் இதுவும் ஒன்றே. பரிதியின் பாதி என்பது பை × ஆரம், விட்டத்தின் பாதி என்பது ஆரம். எனக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

சுற்றளவுக்கும் பரப்பளவுக்கும் எப்போதும் குழம்புகிறேன். என்ன செய்வது?

சுற்றிவரும் தூரம் சுற்றளவு. உள்ளே பரந்து கிடக்கும் இடம் பரப்பளவு. மாசி வீதியில் தேர் போவது சுற்றளவு. வீதிகளுக்கு உள்ளே இருக்கும் கோயிலும் கடையும் வீடும் எல்லாம் பரப்பளவு.

மீனாட்சி அம்மன் கோயிலின் பொற்றாமரைக்குளத்தை எடுத்துக்கொள்வோம். 165 அடி நீளம், 120 அடி அகலம். ஓரமாக ஒரு சுற்று நடந்தால் 165 + 120 + 165 + 120, ஆக 570 அடி. குளம் அடைத்திருக்கும் இடம் 165 × 120, ஆக 19,800 சதுர அடி. முதல் விடைக்கு அலகு அடி, இரண்டாவதுக்கு அலகு சதுர அடி. அலகை எழுதாமல் விட்டால் பாதி மதிப்பெண் போகும் என்பதை விடுங்கள், எதை அளந்தோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

நம் ஊரில் மனையை சென்ட் கணக்கில் சொல்வார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். பொற்றாமரைக்குளம் எத்தனை சென்ட் என்று ஒரு நாள் பிள்ளைகளை வகுக்கச் சொன்னேன். 45.454545 என்று போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் நிறுத்தவில்லை! வந்த இலக்கங்களே திரும்பத் திரும்ப வருவதால் இதற்குச் சுழல் தசமம் என்று பெயர். பின்னமாக எழுதினால் 500/11, அங்கே அடங்கிவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். நீளம், அகலம் இரண்டையும் இரட்டித்தால் சுற்றளவு இரண்டு மடங்காகும். பரப்பளவு நான்கு மடங்காகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட 'இரண்டு மடங்கு' என்றுதான் முதலில் சொல்கிறார்கள். கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணினால் சந்தேகம் தீரும்.

முழு எண்கள், முழுக்கள்: இரண்டும் வேறா?

வேறு. இந்த ஒரு ஜோடியை மட்டும் இன்னும் தெளிவாகப் பெயரிட்டிருக்கலாம் என்று எனக்கு வருத்தம் உண்டு. எண்ணத் தொடங்கும் 1, 2, 3... இயல் எண்கள். அதோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். அதோடு −1, −2, −3... எல்லாம் சேர்ந்தால் முழுக்கள். 'முழுக்கள்' என்று பன்மையில் தனியாக நின்றால் குறை எண்களும் உள்ளே உண்டு என்று கொள்ளுங்கள்.

குறை எண் எங்கே வருகிறது என்று கேட்கிறார்கள். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நேற்று 62 அடியாக இருந்து இன்று 60 ஆனால் மாற்றம் −2. நாளை 63 ஆனால் மாற்றம் +3. 'இரண்டு அடி குறைந்தது' என்று செய்தியில் வாசிப்பதைக் கணக்கில் −2 என்று எழுதுகிறோம்.

1 ஏன் பகா எண் இல்லை? கோலப்புள்ளி எல்லாம் பகா எண்ணா?

இரண்டாவது கேள்வி ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பகு என்றால் பிரி. சம பங்காகப் பகுக்க முடிவது பகு எண், பகுக்க முடியாதது பகா எண். 12 பூவை மூன்று மூன்றாக, நான்கு நான்காக அடுக்கலாம். 13 பூவை ஒரே வரிசையில்தான் வைக்க முடியும், வேறு வழி இல்லை. சரியாக இரண்டு காரணிகள், அதாவது 1-உம் அதே எண்ணும் மட்டும் இருந்தால் பகா எண். 1-க்கு ஒரே ஒரு காரணிதான். அதனால் அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. 2 மட்டுமே இரட்டைப்படையான பகா எண். 1 முதல் 100 வரை 25 பகா எண்கள் உண்டு. எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் பெயரில் ஒரு சல்லடை முறை உண்டு. 1-ஐ அடித்துவிட்டு, 2-ஐ விட்டு அதன் மற்ற மடங்குகள், 3-ஐ விட்டு அதன் மற்ற மடங்குகள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் சல்லடையில் தங்குபவை பகா எண்கள்.

இப்போது கோலம். மார்கழியில் வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலத்தை '7 புள்ளி, 4 வரை' என்பார்கள். சில வீடுகளில் ஊடுபுள்ளி என்பதும் இதுவே. நடு வரிசையில் 7, அதற்கு மேலும் கீழும் 6, பிறகு 5, பிறகு 4. ஒவ்வொரு புள்ளியும் மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும். மொத்தம் 7 + 6 + 6 + 5 + 5 + 4 + 4 = 37. இது பகா எண். அந்தப் பெண் சின்னக் கோலங்களையும் எண்ணியிருந்தாள். '3 புள்ளி, 2 வரை' என்றால் 7. '5 புள்ளி, 3 வரை' என்றால் 19. '9 புள்ளி, 5 வரை' என்றால் 61. எல்லாம் பகா எண்! "எப்பவுமே இப்படித்தானா டீச்சர்?" என்றாள்.

அடுத்ததைப் போடச் சொன்னேன். '11 புள்ளி, 6 வரை': 91. எந்த எண்ணாலும் வகுபடாதது போலத் தெரியும், ஆனால் 7 × 13. முகம் வாடிப்போனது. விடாமல் அடுத்ததும் போட்டாள். '13 புள்ளி, 7 வரை': 127, மறுபடி பகா எண். '15 புள்ளி, 8 வரை': 169. அது 13 × 13, ஒரு முழு வர்க்கம். அறுகோணமாகப் பரவிய புள்ளிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பதின்மூன்று வரிசை, வரிசைக்குப் பதின்மூன்று என்று சதுரமாக வைத்தாலும் ஒன்றுகூட மிஞ்சாது, குறையாது. அன்றைக்கு வகுப்பு முடிய நேரமாகிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

நான்கு முறை சரியாக வந்தது என்பதால் ஐந்தாவது முறையும் வரும் என்று கணக்கில் சொல்ல முடியாது என்பதை அவள் அன்று கோலத்திலேயே பார்த்துவிட்டாள். நேர்ப்புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் '7 புள்ளி, 1 வரை' எண்ணிப் பாருங்கள்: 1, 3, 5, 7, 5, 3, 1. மேலிருந்து நடு வரிசை வரை கூட்டினால் 16, மிச்சம் 9, மொத்தம் 25. கொத்தனாரின் 3, 4, 5 இங்கேயும் வந்து நிற்கிறது.

0 இரட்டைப்படையா?

ஆமாம், இரண்டால் மீதியில்லாமல் வகுபடும். ஒற்றைப்படை என்றால் நம் பக்கத்து மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள்: 101, 501, 1001 எல்லாம் ஒற்றைப்படை. ஆனால் ஒற்றைப்படை எல்லாம் பகா எண் என்று நினைத்துவிட வேண்டாம். 101 பகா எண். 501 என்பது 3 × 167. 1001 என்பது 7 × 11 × 13.

காரணிக்கும் மடங்குக்கும், மீ.பெ.கா-வுக்கும் மீ.சி.ம-வுக்கும் எப்போதும் மாற்றிப் போடுகிறேன்.

12-ஐ மீதியில்லாமல் வகுப்பவை அதன் காரணிகள்: 1, 2, 3, 4, 6, 12. அதோடு முடிந்தது. 12-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பவை மடங்குகள்: 12, 24, 36... முடிவில்லை.

மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்ற பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. 'பெரு' என்று பார்த்ததும் பெரிய எண் விடையாக வரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மீ.பெ.கா கொடுத்த எண்களைவிடப் பெரிதாக ஆகாது, ஏனென்றால் அது காரணி. மீ.சி.ம கொடுத்த எண்களைவிடச் சிறிதாக ஆகாது, ஏனென்றால் அது மடங்கு. கடைசிச் சொல்லைப் பாருங்கள், முதல் சொல்லைப் பிறகு பாருங்கள்.

மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு பஸ் 12 நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு இரண்டும் சேர்ந்து கிளம்பினால் மறுபடி எப்போது சேரும்? மீ.சி.ம 36, எனவே 6.36-க்கு. பொற்றாமரைக்குளத்தின் 165 அடியையும் 120 அடியையும் ஒரே அளவுச் சதுரங்களாக, மிச்சமில்லாமல் பிரிக்கவேண்டும் என்றால் மிகப்பெரிய சதுரம் எது? மீ.பெ.கா 15. நீளத்தில் 11, அகலத்தில் 8, ஆக 88 சதுரங்கள். நீள அகல விகிதம் 11 : 8 என்பதும் அப்படியே கிடைத்துவிட்டது.

அப்பா அம்மாக்களுக்கு: நீங்கள் படித்த மீ.பொ.வ-வும் இந்த மீ.பெ.கா-வும் ஒன்றுதான். அன்று வகுத்தி என்றார்கள், இன்று காரணி.

பின்னத்தில் தொகுதி மேலேயா, கீழேயா?

மேலே. 'தொகுதி என்றால் எம்.எல்.ஏ. தொகுதிதானே' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தொகு என்றால் சேர், பகு என்றால் பிரி. ஒரு பொருளை எத்தனையாகப் பகுத்தோம் என்பது கீழே, பகுதி. அதில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்பது மேலே, தொகுதி. தொகுதி சிறிதாக இருந்தால் தகு பின்னம், பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் தகா பின்னம். தகா பின்னம் என்றால் தவறான பின்னம் என்று பொருள் இல்லை.

லட்சத்தை மில்லியனாக எப்படி வாசிப்பது?

கமா போடும் இடம்தான் வித்தியாசம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. முப்பது லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு. பன்னாட்டு முறையில் 3,038,252 என்று மும்மூன்றாகப் பிரித்து, மூன்று மில்லியன் முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு என்று வாசிக்க வேண்டும். 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி 10 மில்லியன்.

இதே எண்ணில் 3 இரண்டு முறை வருகிறது. முகமதிப்பு இரண்டுக்கும் 3-தான், முகம் மாறவில்லை. இடமதிப்பு வேறு: முதல் 3-க்கு 30,00,000, அடுத்ததுக்கு 30,000.

சதவீதம், சதவிகிதம், விழுக்காடு: எதை எழுதுவது?

மூன்றும் ஒன்று. பாடத்தில் சதவீதம் என்று இருக்கிறது, அதையே எழுதுங்கள். சதம் என்றால் நூறு, நூற்றுக்கு இத்தனை வீதம்.

யூடியூபில் இலங்கை ஆசிரியர் ஒருவர் 'ஆரை', 'முதன்மை எண்' என்கிறார். தவறா?

தவறு இல்லை, அங்கே பாடப்புத்தகச் சொற்கள் வேறு. ஆரை என்பது நம் ஆரம். முதன்மை எண் நம் பகா எண். செம்பக்கம் நம் கர்ணம். நிறைவெண்கள் நம் முழுக்கள். செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் என்பதால் 'செம்பக்கம்' கேட்டதும் விளங்குகிறது, அழகான சொல். தேர்வுத்தாளில் மட்டும் நம் புத்தகச் சொல்லை எழுதுங்கள்.

என் மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள். இந்தத் தமிழ்ச் சொற்கள் எதற்கு?

மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டேன். ஆனால் 'பெரிமீட்டர்' என்ன என்று கேட்டால் சூத்திரத்தைச் சொல்லும் பிள்ளை, 'சுற்றளவு' என்றதும் விரலால் காற்றில் சுற்றிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த விரல் அசைவு வந்துவிட்டால் அப்புறம் எந்த மொழியில் எழுதினாலும் சரி. வீட்டில் ஒருமுறை இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள், போதும்.

பாட்டி 'மாகாணி', 'வீசம்' என்கிறார். அதுவும் கணக்கா?

அசல் பின்னக் கணக்கு. அரை 1/2, கால் 1/4, அரைக்கால் 1/8. பெயரே சொல்கிறது, காலில் அரை. மாகாணி அல்லது வீசம் 1/16. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஒரு அணா என்பது வீசம் ரூபாய். அரிசி அளக்கும் உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி.

'மாகாணி' என்ற சொல்லில் ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்ட வேண்டும். பகுதிகள் வேறு, எனவே மீ.சி.ம 80. 1/20 என்பது 4/80. அதோடு 1/80 சேர்ந்தால் 5/80. சுருக்கினால் 1/16. வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டுவது என்று ஆறாம் வகுப்பில் நாம் திணறும் பாடத்தை, ஒரே சொல்லுக்குள் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

பாட்டியிடம் 'காலே அரைக்கால்' என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். நடுவில் இருக்கும் அந்த ஏகாரம்தான் கூட்டல் குறி: 1/4 + 1/8 = 3/8. 'அரையே அரைக்கால்' 5/8. அடுத்து நீங்கள் ஒன்று கேளுங்கள். முக்காணி 3/80, அதோடு ஒரு காணி சேர்த்தால் என்ன? 4/80 என்று நீங்கள் நோட்டில் எழுதி, 1/20 என்று சுருக்குவதற்குள் பாட்டி 'ஒரு மா' என்று சொல்லியிருப்பார்.